பின்மனை

உடன்குடியில் அப்பா விட்டுப்போன இடத்தை மூன்றாகப் பிரித்தபோது, அளக்க வந்த சர்வேயர் ஒரு வார்த்தை சொன்னார்.

"பின்னால உள்ள மனைக்கு வண்டி போற மாதிரி பாதை விடுங்க. இல்லன்னா நாளைக்கு அங்கன வீடு கட்ட அனுமதி கெடைக்காது."

ரோட்டை ஒட்டிய மனைகள் அண்ணன் செந்தூர்வேலுக்கும் தம்பி சங்கரபாண்டியனுக்கும். பாதைக்கு யார் இடம் விடுவது என்று இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பின்மனை கிடைத்தது அவர்களோடு பிறந்த அனுசியாவுக்கு. அவள்தான் சண்டையை முடித்துவைத்தாள்.

"நான் நடந்து போக ஒரு சந்து இருந்தா போதும். எனக்குத்தான் தூத்துக்குடியில வீடு இருக்கே."

அது புருஷன் வீட்டாரின் கூட்டு வீடு. பின்னாளில், துறைமுகத்தில் லாரி ஓட்டிய புருஷன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபின், அங்கே அவளுக்கும் மகள் ஜெயபிரியாவுக்கும் இருந்த ஒற்றை அறையும் கொழுந்தன் கல்யாணத்தோடு போயிற்று. திரேஸ்புரம் பக்கம் வாடகைக்கு வந்தார்கள். அனுசியா துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பின்மனையில் இரண்டு அறை கட்டிக் குடியேறிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவள் நினைப்பு.

பிளான் அப்ரூவலுக்குப் போனபோது அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "மனையைப் பிரிச்சதுக்கே நீங்க அங்கீகாரம் வாங்கல. அதைக்கூட சரி பண்ணிரலாம்க்கா. பாதைக்கு அகலம் காணாதே. அதுக்கு நான் என்ன செய்ய?"

அண்ணனிடம் போனாள். சந்தின் ஓரம் வரைக்கும் சுவரை எழுப்பி மாடிக்கடை கட்டியிருந்தார் அவர்.

"ஏளா, இந்தச் செவுத்து மேலதான் மாடியே நிக்குது. இதை இடிச்சா கடை என்னாவும்?"

அவர் சொன்னதில் பொய்யில்லை.

தம்பி தன் மனையை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போயிருந்தான். வாங்கியவர் செந்தில்முருகன், கருப்பட்டி வியாபாரி. சந்தை ஒட்டி அவர் கொஞ்சம் பாதைக்கு விட்டால், பின்மனையில் அதைவிடக் கூடுதலாக இடம் தருவதாகச் சொல்லி அனுசியா கேட்டாள். அவர் சம்மதித்தார். அன்று ஜெயபிரியா சமையலறை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். மறுவாரமே அவரிடமிருந்து போன் வந்தது.

"வீட்டைச் சுத்தி காலியிடம் விடணும்னும் விதி இருக்காம்க்கா. உங்களுக்குப் பாதை விட்டா என் வீட்டுக்கு அது கொறைஞ்சிரும்னு இன்ஜினியர் சொல்லுதாரு. மன்னிச்சிருங்க."

விற்றுவிடலாம் என்று பார்த்தாள். வந்தவர்கள் எல்லாரும் சந்தைப் பார்த்த மாத்திரத்தில் திரும்பிப் போனார்கள். செந்தில்முருகனோ வீடு கட்டவே கடன் வாங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டார். இனி அந்த மனை யாருக்காவது உபயோகப்படும் என்றால் அது அண்ணனுக்கு மட்டும்தான். முன்மனையோடு சேர்த்துவிட்டால் அவருக்குத் தனிப்பாதை தேவையில்லை. ஒருநாள் அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் கேக்கேன்னு தப்பா நெனைக்காதளா. சும்மாதான கெடக்கு."

கோபப்பட அவளுக்கு வழி தெரியவில்லை. பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டாள். வந்த பணத்துக்கு ஊரை விட்டுத் தள்ளிக்கூட ஒரு மனை அகப்படவில்லை.

சில மாதங்களில் அங்கே குடோன் எழும்பியது. பால் காய்ச்சிய அன்று மதினி அவளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். மற்ற விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள் அனுசியா.

வாடகை அறையில் ஜெயபிரியா கேட்டாள், "எப்படிம்மா கட்டியிருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்கு. நல்ல காத்தோட்டம்" என்றாள் அனுசியா. பிறகு சேலையை மாற்றிக்கொண்டு, கொடியில் காய்ந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள்.