வெறும் மெயில்கள்

எங்கள் தாம்பரம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இத்தனை வருட மெயில்களும் ஒரே ஃபைலாகச் சேர்ந்து பெருத்துவிட்டன. திறந்தால் பாதியில் உறைந்து நின்று என் உயிரை வாங்கும். ஒரு மழை நாள் மாலை, வருடவாரியாகப் பிரித்து வேறு டிஸ்க்கில் போட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன்.

பழைய வருடங்களைத் திறந்ததும் கணவரின் மெயில்கள் வரிசையாக வந்தன. அப்போது அவருக்குக் கேளம்பாக்கத்தில் வேலை. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் கிளம்பும்போது ஒரு மெயில் அனுப்புவார். தலைப்பில் ‘கிளம்பிட்டேன்’ என்று இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்ததும் நான் அரிசி களைந்து குக்கரில் வைப்பேன்.

இப்போது அவருக்கு வீட்டிலேயே வேலை. ஹாலில் இருந்து, “எல்லாம் வெறும் மெயில், அழிச்சிடு” என்றார்.

“உங்க வேலையைப் பாருங்க” என்றேன்.

கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன் என்று திரை நகர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மெயிலில் இருந்தும் ஒரு கணவர் பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஒருவருக்கு மீசை கறுப்பு. ஒருவர் மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தே வந்துகொண்டிருந்தார்கள்.

எப்போது எழுந்து அடுப்படிக்குப் போனேன் என்று தெரியவில்லை. குக்கர் விசில் அடித்தது.

“இன்னும் டீயே குடிக்கலை, அதுக்குள்ள சோறா?” என்று எட்டிப் பார்த்தார்.

“நீங்கதானே கிளம்பிட்டேன்னு சொன்னீங்க” என்றேன்.