மாமாவுக்குப் பின்னால் நீல வானம்

என் சின்ன மாமாவை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். வேண்டுமென்று அல்ல, அவருடைய படத்தை அழகுபடுத்தப் போய் அப்படி ஆகிவிட்டது.

மாமாவுக்கு எழுபதாவது பிறந்தநாள் வரவிருந்தது. பழைய குடும்பப் படம் ஒன்றிலிருந்து தன் அப்பாவை மட்டும் தனியாக எடுத்து, கலராக்கி அனுப்பும்படி கனடாவில் இருக்கும் அவருடைய மகள் கேட்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் இந்த வேலைக்கு நான்தான் ஆள். திறமை காரணமல்ல, மற்றவர்களுக்கெல்லாம் வேறு வேலை இருந்தது.

படம் கறுப்பு வெள்ளை. மாமா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்தது. இருபக்கமும் சொந்தக்காரர், நடுவில் மாமா, நெஞ்சை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, யன்னலோரம் தரையில் வைத்து, என் தலையின் நிழல் விழாதபடி வளைந்து நின்று கைபேசியால் எடுத்தேன். நிமிர்வதற்கு இடுப்பு கொஞ்ச நேரம் சம்மதிக்கவில்லை, அதை விடுவோம். சரிவை நேராக்கி, மங்கலைத் தெளிவாக்கி, பூச்சி தின்ற புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு மறைத்தேன். பிறகு கலராக்கும் பொத்தானை அழுத்தினேன். முதல் தடவை மாமாவின் உதடு வெற்றிலை போட்டதுபோலச் சிவந்தது. இரண்டாம் தடவை காதுவரைக்கும் சிவந்துவிட்டார். நிறத்தைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் மனித நிறத்துக்கு வந்தார். பக்கத்தில் நின்ற சொந்தக்காரரையெல்லாம் ஒரே தட்டலில் வெட்டி எறிந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு லேசாக முடிகிற காரியமா அது!

வெட்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்தச் செயலி இலவசமாகத் தந்தது மூன்றே பின்னணிகள்: செங்கல் சுவர், பலூன்கள், வெண்முகில் மிதக்கும் நீல வானம். மாமாவின் மீசைக்குப் பின்னால் பலூன் சரிவரவில்லை. செங்கல் சுவரில் பொலிஸ் பிடித்த ஆள்போல இருந்தார். வானத்தைப் போட்டேன். ஓரங்களைப் புகைபோல மங்கவைத்து முட்டை வடிவில் வெட்டினேன். கண் கலங்கும் அழகு! காலை ஏழரைக்குக் கைபேசியில் எங்கள் குடும்பக் குழுவில் போட்டேன். கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். போனைச் சார்ஜில் வைத்துவிட்டு மீன் வாங்கப் போய்விட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதரைத் தனியாக நீல வானத்துக்கு முன்னால் எப்போது நிறுத்துவார்கள் என்பது, சந்திச் சுவர்களில் ஒட்டும் மரண அறிவித்தல்களைப் பார்த்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று காலை மட்டும் தெரியவில்லை.

மீனோடு திரும்பினால் மனைவி வாசலில் நிற்கிறாள்.

"என்னப்பா, சின்ன மாமாவுக்கு என்ன நடந்தது? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

குழுவில் நாற்பத்துமூன்று செய்திகள். முதலில் லண்டனில் நித்திரையில்லாத ஒருவர் கைகூப்பும் படம் மட்டும் போட்டிருந்தார். பாவம், நல்ல படம் என்று பாராட்டத்தான் போட்டிருப்பார். அதைப் பார்த்த அடுத்தவர் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்றார். அதன் பிறகு வரிசையாகப் பூக்கள், விளக்குகள். 'நேற்றுக்கூடக் கதைத்தேனே' என்று ஒருவர். மாமாவோடு அவர் கதைத்துப் பத்து வருஷம் இருக்கும்.

நான் முதலில் செய்தது, படத்தை அழித்ததுதான். உடனே ஒருவர் கேட்டார்: 'ஏன் எடுத்துவிட்டீர்கள்? பெரியக்காவுக்கு இன்னும் சொல்லவில்லையா?' அவசரமாக 'மாமா சுகமாக இருக்கிறார்' என்று தட்டினேன். பதில் வந்தது: 'ஓம், இனி அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.'

"படத்தை அழிச்சிட்டன்" என்றேன் மனைவியிடம்.

"அழிச்சா ஆள் எழும்பி வந்திடுவாரோ? முதல்ல அந்த மீனைக் கீழ வையுங்கோ."

மீன் பை இன்னும் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது குச்சவெளியிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பெரியக்கா, மாமாவின் மூத்த அக்கா, என் பெரியம்மா, அங்கே மகன் வீட்டில் இருக்கிறா. எழுபத்தாறு வயது. இதயத்துக்கு மூன்று நிறத்தில் குளிசை. கதைத்தது மருமகள்.

"அத்தான், மாமி கேள்விப்பட்ட உடனை செத்தவீட்டுக்கெண்டு பஸ் ஏறிட்டா. பின்னால ஓடினனான், பிடிக்க ஏலாமப் போச்சு. அவவிட்டைப் போனும் இல்லை. காலமை சாப்பிடவும் இல்லை, குளிசையும் போடேல்லை."

என் பகிடியெல்லாம் அந்த இடத்தில் என்னைக் கைவிட்டது. தம்பி செத்துப்போனான் என்று நம்பிக்கொண்டு வெறும் வயிற்றோடு பஸ்ஸில் வரும் பெரியம்மாவுக்கு வழியில் ஏதும் நடந்தால், அது என் ஆட்காட்டி விரல் செய்த வேலை.

மோட்டார் சைக்கிளில் ஓர்ஸ் ஹில்லில் மாமா வீட்டுக்குப் பறந்தேன். மாமா குசினியில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் இருப்பது பொத்தான் போன்; அதுவும் எந்நேரமும் நித்திரை.

"மாமா, கெதியாச் சேட்டைப் போடுங்கோ. பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேணும்."

"என்னத்துக்கு?"

"நீங்கள் செத்துப்போனீங்கள்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "எப்ப?"

"காலமை ஏழரைக்கு."

"ஆரடா சொன்னது?"

"நான்தான். பெரியம்மா பஸ்ஸில வந்துகொண்டிருக்கிறா. குளிசை போடேல்லையாம்."

மாமா இடியப்பத்தை விட்டுக் கையைக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னே படி இறங்கிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் புதிய சிக்கல்.

"நான் எங்க நிக்கிறது?" என்றார் மாமா.

"முன்னுக்கு நில்லுங்கோ."

"பேயெண்டு நினைச்சு விழுந்தாவெண்டா?"

"அப்ப நான் முன்னுக்கு நிக்கிறன்."

"உன்ர மூஞ்சியைப் பார்த்தா நான் செத்தது உறுதியெண்டே நினைப்பா."

முதல் பஸ்ஸில் பெரியம்மா இல்லை. கோணேசருக்கு ஓர் அர்ச்சனை நேர்ந்தேன். அடுத்த பஸ் பிந்தியது, அர்ச்சனையை இரண்டாக்கினேன். கடைசியில் மாமாவே வழி கண்டுபிடித்தார். முகத்தைவிடக் குரல் முதலில் போகட்டும் என்றார். பஸ்ஸின் முகப்பு திருப்பத்தில் தெரிந்ததும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டைம்கீப்பரோடு சண்டை பிடிக்கத் தொடங்கினார்.

"குச்சவெளி பஸ் ஏன் இவ்வளவு பிந்தி வருது? சனம் மணித்தியாலக் கணக்கில காவல் நிக்கிறதோ?"

இழுவைப் படகின் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை. முழு ஸ்டாண்டும் திரும்பிப் பார்த்தது. டைம்கீப்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பெரியம்மா பஸ் படியில் நின்றா. செத்தவீட்டுக்கென்று கட்டிய மங்கல் சேலை. கம்பியைப் பிடித்த கை அப்படியே இருந்தது. "இறங்குங்கோ அம்மா" என்றார் கண்டக்டர். இறங்கவில்லை. மாமாவின் முதுகைப் பார்த்தா. மெல்ல மெல்லக் கால்வரைக்கும் பார்த்தா.

"டேய்," என்றா, "ஏன்டா காலுக்கொரு செருப்போட நிக்கிறாய்?"

மாமா திரும்பினார். ஒரு காலில் தோல் செருப்பு, மறுகாலில் நீல நிறக் குளியலறைச் செருப்பு.

பெரியம்மா இறங்கி வந்து அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்தா. பிடித்தபடியே சீமெந்து வாங்கில் உட்கார்ந்தா. குளிசை கைப்பைக்குள் இருந்தது, சாப்பிடாமல் போடக்கூடாது. நான் ஓடிப்போய்ப் பேக்கரியில் பணிசும் மூன்று பிளேன்டீயும் வாங்கி வந்தேன். பாதிப் பணிசும் ஒரு குளிசையும் உள்ளே போன பிறகுதான் கதை வந்தது.

"நிலாவெளி வரைக்கும் அழுதனான். பக்கத்தில இருந்த பிள்ளை தண்ணி தந்தது. இனி அந்த அழுகையை என்ன செய்யிறது?"

"உண்மையா நான் போகேக்க அந்தளவைக் குறைச்சு அழுங்கோ அக்கா."

"வாயைப் பொத்து. ஆர் அந்தப் படத்தைப் போட்டது?"

"நான்தான் பெரியம்மா."

"எடு, பாப்பம்."

என் கைபேசியில் அது இன்னும் இருந்தது. கையை எட்ட நீட்டிப் பிடித்து நெடுநேரம் பார்த்தா. "நல்ல வடிவாத்தான் செய்திருக்கிறாய். இதை அழிச்சுப்போடாத, வைச்சிரு."

"அக்கா!" என்றார் மாமா.

"சும்மா இரு. இப்ப ரெண்டு பேரையும் எடுத்துப் போடச் சொல்லு. எல்லாச் சனமும் பாக்கட்டும்."

எடுத்தேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலும் போய்விட்டது. பெரியம்மா எட்டிப் பார்த்தா.

"மோட்டுப் பிள்ளை! அவன் கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருக்கிறான்!"

திரும்ப எடுத்தேன். இரண்டாவதிலும் மூடியிருந்தார். மூன்றாவதிலும். வெயில் நேரே முகத்தில். நான்காவதுக்கு நானும் பெரியம்மாவும் சேர்ந்து "திற!" என்று கத்தியதில், மாமா திடுக்கிட்டு முழியைப் பிதுக்கினார். அதை அப்படியே அனுப்பினேன், வெளிச்சம்கூடத் திருத்தவில்லை. கீழே எழுத்தெழுத்தாகத் தேடி எழுதினேன்: 'மாமா உயிரோடு இருக்கிறார். இது இப்போது எடுத்த படம்.'

"நேரத்தையும் போடு" என்றார் மாமா. போட்டேன்.

இரவு வேலை முடிந்து அப்போதுதான் கைபேசியைத் திறந்த கனடா மகளிடமிருந்து முதல் பதில் வந்தது: 'அப்பா ஏன் பயந்தமாதிரி இருக்கிறார்?'

அவளுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். பெரியம்மா இன்னும் பிடியை விடவில்லை. மாமா பிளேன்டீயை இடக்கையால் எடுத்துக் குடித்தார்.