அக்காவின் சிறுநீரகம்

டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படி எனக்கு மலைபோல இருக்கும். கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுக்க வந்தால் காலை இழுத்துக்கொண்டு வழிவிடுவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்குத் தலைக்கனம் என்று நினைத்தவர்கள் உண்டு. வாயைத் திறக்கத் தெம்பு இருக்காது, அவ்வளவுதான்.

ரத்தக் கொதிப்பு கொஞ்சம் கொஞ்சமாக என் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டிருந்தது. மாற்று வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் என் கணவர் அங்கேயே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார், ஏதோ ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்போல. அவருக்குச் சர்க்கரை இருந்ததால் ஆகாது என்றார்கள். அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எனக்கென்று மிச்சமிருந்தவள் அக்கா ஒருத்திதான்.

அக்கா இருப்பது அரியாங்குப்பத்தில். மாமா இறந்த பிறகு ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். சோற்று அண்டாவை இன்னொரு அம்மாளோடு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி இறக்க வேண்டும். அவளிடம் கேட்கக் கூடாது என்று நான் முடிவாக இருந்தேன். என் கணவர்தான் எனக்குத் தெரியாமல் போனில் சொல்லியிருக்கிறார். மறுநாள் மத்தியானம் வேலை முடிந்த கையோடு, புடவையில் சாம்பார் வாசனையோடு, பஸ் பிடித்து வந்து நின்றாள்.

"டெஸ்ட் எடுக்க எங்க போவணும்?"

"அக்கா, வயித்தக் கிழிச்சிக்கிட்டு அப்புறம் எப்படி அண்டா தூக்குவ? உன் பொழப்பு இன்னா ஆவறது?"

"தூக்க முடிஞ்சா தூக்கறேன், இல்லன்னா வேற வேல பாக்கறேன். எங்க போறதுன்னு சொல்லு."

"அவசரப்படாத. நல்லா யோசிச்சிச் சொல்லு."

"பஸ்ல யோசிச்சிக்கிட்டுத்தான் வந்தேன்."

எல்லாம் பொருந்தி வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு என்னைவிட அவளுக்குத்தான் வலி அதிகம். சக்கர நாற்காலியில் என் அறையின் கண்ணாடிக்கதவு வரை அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளிறி, உதடு காய்ந்து போயிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நர்ஸிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஒண்ணுக்குப் போறாளா?" போகிறாள், பை நிறைந்துகொண்டே இருக்கிறது என்று நர்ஸ் சொன்னதும் அக்கா சிரிக்கப் பார்த்தாள். தையல் இழுத்தது. பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் தண்ணீர் குடித்தேன். அளந்து அளந்து நாக்கை நனைத்தவளுக்கு அது என்ன என்று மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது. நோணாங்குப்பத்தில் படகில் போகலாமா என்று என் கணவர் கேட்டு, போனோம். வழியெல்லாம் நான் பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வந்தேன். அவர் ஆற்றைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவால் அண்டா தூக்க முடியவில்லை. காய் நறுக்க விட்டார்கள். பிறகு அதற்கும் ஆள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கால் வீங்கியது. மாத்திரை ஒன்றையும் நான் விட்டதில்லை. ஆனாலும் அக்காவின் சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். ஊசி, மருந்து என்று என்னென்னவோ செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் பழைய கட்டிலுக்கே, பழைய மெஷினுக்கே அனுப்பினார்கள்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் போனேன். அக்கா இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது போயிடுச்சி."

கை நின்றது. குழாயை மூடிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?"

"நீ குடுத்தது வீணாப் போச்சேக்கா. உன் வேலையும் போயி, உடம்பும் போயி..."

"நீ வேணும்னா பண்ண?"

"உனக்கு ஆத்திரமே வரலியா?"

"அழுக வருது. நீ போனப்புறம் அழுதுக்கறேன்." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இப்டி ஆவும்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தாலும் குடுத்துத்தான் இருப்பேன். ஒரு வருஷம் தண்ணி குடிச்ச இல்ல?"

பிறகு எழுந்துபோய்க் காப்பி போட்டாள். எனக்கு அளவு உண்டு என்று தெரிந்து கால் டம்ளர்தான் ஊற்றினாள்.

அடுத்து வந்த பெரிய வெள்ளிக்கிழமை அக்காவும் நானும் மாதா கோயிலுக்குப் போனோம். நல்ல வெயில். சிலுவைப்பாதையில் எல்லோரும் முழங்கால் போட, நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆண்டவர் நமக்காக உயிரைக் கொடுத்தார் என்று ஞானோபதேச வகுப்பிலிருந்து கேட்டு வருகிறேன். என் காதுக்கு அது எப்போதோ பழகிப்போன சொல். அன்று பீடத்தின் முன்னால் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை வைத்து, குனிந்து முத்தமிட்டு முத்தி செய்ய விட்டார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. அந்த விலாக் காயத்தைப் பார்த்தபோது எனக்கு அக்காவின் தையல் நினைவுக்கு வந்தது. கொடுத்தது பலிக்குமா, ஏற்றுக்கொள்வார்களா, கீழே போட்டு மிதிப்பார்களா என்று பார்த்துவிட்டு அவர் கொடுக்கவில்லை. ஏற்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார். இத்தனை வருடம் அந்த அன்புக்கு நான் தகுதியா என்றே யோசித்துக் கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை என்பது எனக்குப் புரிய, உடன்பிறந்தவள் தன் உடம்பில் ஒரு பாகத்தை இழக்க வேண்டியிருந்தது.

புரிந்ததால் களைப்பு குறைந்துவிடவில்லை. சுரூபத்தின் முன்னால் குனிந்தவள் நிமிர முடியாமல் தடுமாறினேன். அக்கா தோளைக் கொடுத்துத் தூக்கினாள். தூக்கியதில் அவளுக்கும் மூச்சு வாங்கியது. பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

வெளியே கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா குடித்தாள். நான் ரெண்டு வாய் நனைத்துவிட்டு மீதியை அவள் கிண்ணத்தில் ஊற்றினேன். இருவரும் பஸ்ஸுக்குப் போகாமல் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்தோம்.

"நாளைக்கு எப்ப ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள்.

"காலையில."

"கடைய மூடிட்டு வர்றேன். கூட உக்காந்திருக்கேன்."

உனக்கெதற்குச் சிரமம் என்று சொல்ல வாயெடுத்தேன். எப்போதும் அதைத்தான் சொல்வேன்.

"வாக்கா," என்றேன்.