ரெண்டு மாநாட்டுக்கும் ஒரே கைதட்டல்

என் அக்கா வீட்டுக்காரர் மைக்செட் போடுகிறவர். நான் அவருக்கு வயர் இழுக்கிற மச்சான். வீட்டில் சோறு கேட்பதற்கு முன்னால்கூட "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மாமா கேட்பார். எங்கள் ரெண்டு பேர் காதும் என்றைக்கோ செத்துப்போயின. அக்கா கத்துவது மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது.

இப்போது எங்களிடம் இருப்பது ரெண்டே ஸ்பீக்கர். மூன்றாவது ஒன்று இருந்தது. ஒரு கூட்டத்தில் தலைவர் பேசும்போது அது கொரகொரத்தது. தொண்டர்கள் மிதித்தே மாவாக்கிவிட்டார்கள். இன்னொன்றும் போனால் எங்கள் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

போன மாதம் ஊர் மைதானத்தில் ஊதாக் கட்சி மாநாடு. கல்யாண வீடு தோற்றது. இருபது நாற்காலி போட்ட மேடையில் இருநூறு பேர். ஒருவர் தலைவரைக் கடல் என்றார், அடுத்தவர் மலை என்றார். மூன்றாமவருக்கு ஒன்றும் மிச்சமில்லை, ஓவென்று அழுதுவிட்டார். கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. மாமா அதை ஃபோனில் பிடித்து வைத்துக்கொண்டார். எந்தக் கூட்டமாவது தூங்கி வழிந்தால் இதைப் போட்டு எழுப்பலாம். மைக்செட்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

அடுத்த வாரம் அதே மைதானத்தில் மஞ்சள் கட்சி. இது எழவு வீடு. சிரித்தால் அபராதம் என்பதுபோல எல்லோரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க மாநாட்டுல ஒழுக்கந்தான்பா முக்கியம்" என்று சொன்ன பொறுப்பாளர், என் காலடியிலேயே பொளிச்சென்று துப்பினார். மற்றபடி அதே வேர்வை, அதே சாராய வாடை, மேடைக்குப் பின்னால் அதே மூத்திரக் குளம்.

"தலைவர் கையத் தூக்கினா சத்தம் பிச்சிக்கிட்டுப் போகணும். இல்லன்னா உன் ஸ்பீக்கர் பொட்டி பிஞ்சிரும், பாத்துக்க" என்றார் பொறுப்பாளர்.

தலைவர் கையைத் தூக்கினார். கூட்டம் கொட்டாவி விட்டது. மாமா ஃபோனைத் தட்டினார். கைதட்டல் இடித்தது. அதன் வாலிலேயே, வெட்டியெடுக்க மறந்துபோன கோஷமும் வந்தது.

"ஊதாச் சிங்கம் வாழ்க! மஞ்சள் கும்பல் ஒழிக!"

"ஐயோ மாமா, நிறுத்துங்க!"

"விரல் மரத்துப் போச்சுடா! நீ பொட்டியப் புடி!"

ஆளுக்கொரு ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம், பெற்ற பிள்ளையைப்போல.

மைதானமே எழுந்தது. "வாழ்க! ஒழிக!" என்று திருப்பிக் கத்தியது. மஞ்சள் தலைவர் கண் கலங்கிக் கும்பிட்டார். பொறுப்பாளர் ஓடிவந்து மாமா முதுகில் அறைந்தார்.

"சபாஷ்! இன்னொரு வாட்டி போடுய்யா!"

போட்டோம். தலைவர் இன்னொரு வாட்டி கும்பிட்டார்.

வீட்டு வாசலிலேயே அக்கா கேட்டாள். "பொட்டி?"

"ஒரு கீறல் இல்ல" என்றார் மாமா.

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒருத்தனாவது அடிக்க வருவான்னு பாத்தேன். அவ்வளவு பேர்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட கோஷத்தக் காதுல வாங்கலடி. த்தூ!"

பிறகு ஈரத்துணியை எடுத்து ஸ்பீக்கரைத் துடைக்க உட்கார்ந்தார். மலத்தை மிதித்தவன் செருப்பைத் தேய்ப்பதுபோல, தேய்த்துக்கொண்டே இருந்தார்.