மார்த்தாண்டத்தில் புலம்பல் பதியப் போனது

2012, ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு முட்டத்தில் நானும் ரோசம்மையும் பஸ் ஏறினோம். குளச்சலில் இறங்கி, கருங்கல் வழியாகப் போகும் மார்த்தாண்டம் பஸ்ஸைப் பிடித்தோம். பக்கத்து வீட்டு ஆன்றோவும் அவன் கூட்டாளிகளும் கிற்றாரோடு பின்னால் நின்றார்கள். மேல்நாட்டில் மாடு மேய்ப்பவர்கள் பாடிவந்த பாட்டு வகையோடு நம் கரைப் பாட்டையும் கலந்து இவர்கள் ஒரு ஆல்பம் செய்கிறார்கள். அதில், இயேசுவின் சாவை நினைத்துக் கோயிலில் பாடும் பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பலும் வேண்டுமாம்.

ஊரில் அதற்கு முதல் வரி எடுப்பவள் ரோசம்மை. பதில் வரி கொடுப்பவள் நான். போன வருஷம் தொண்டையில் ஆப்பரேஷன் செய்தபின் அவளுக்குக் குரல் இல்லை, காற்றுதான் வரும். நான் தனியாகப் பாடி அறியேன். "நீயும் பாடாட்டா அது நம்மளோட போவும், பாத்துக்க" என்று அவள் சொன்னதால்தான் கிளம்பினேன்.

"பேடியா இருக்குட்டி" என்றேன், பயம் தாங்காமல்.

"பாட்டுதானே பாடப் போற, சுறாவா பிடிக்கப் போற?" என்றாள் காற்றுக் குரலில். பக்கத்தில் நின்ற கண்டக்டர் சிரித்துவிட்டார்.

ஒன்பதரை மணி. ஸ்டுடியோ ஒரு மாடியில். வெளியே லாரிச் சத்தம். கதவைச் சாத்தினால் அப்படி ஓர் அமைதி. சுவரெல்லாம் மெத்தை. கண்ணாடி அறையில் என்னைத் தனியே நிறுத்தி ஹெட்போன் மாட்டினார்கள். கிற்றார் காதுக்குள்ளேயே கேட்டது. ஆன்றோ கை காட்டினான். எனக்கு வாய் திறக்கவில்லை. மறுபடி காட்டினான். அப்போதும் இல்லை.

"வேண்டாம் மக்கா, நான் போறேன்" என்று ஹெட்போனைக் கழற்றப் போனேன்.

அதற்குள் ரோசம்மை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். நெஞ்சில் கைவைத்து, கண்ணை மூடி, முதல் வரியை வாயசைத்தாள். சத்தமே இல்லை. அவள் நிறுத்திய இடத்தில் என் குரல் தானாக எழுந்தது. கடைசி அடிவரை அப்படியே போயிற்று.

அவள் வாயசைத்த இடங்களில் ஆன்றோ கிற்றாரை மெல்ல இழுத்து வாசித்துச் சேர்த்தான். அந்தப் பிள்ளைகளைச் சும்மா சொல்லக்கூடாது. பெரிய வெள்ளியின் துக்கத்தை ஒரு கம்பியில் கொண்டுவந்துவிட்டார்கள்.

மதியம் பாட்டை முழுதாகப் போட்டுக் காட்டினார்கள்.

"மக்கா, இது எனக்க இடமில்லியா?" என்றாள் ரோசம்மை, கிற்றார் மட்டும் வந்த இடத்தில்.

"ஆமா மாமி, உங்களுக்க இடம்தான்" என்றான் ஆன்றோ.

அவள் என் விலாவில் இடித்தாள். "ஏட்டி, எனக்க குரலு இவ்வளவு நல்லாவா இருந்தது?"

"இதவிட நல்லா இருந்தது" என்றேன், அத்தனை பேரும் கேட்கும்படி.

வரும் பெரிய வெள்ளிக்கிழமை கோயிலிலும் அவள் எனக்கு எதிரே நின்று வாயசைக்க வேண்டும் என்று திரும்பும் பஸ்ஸில் பேசி முடித்தோம். அங்கே கிற்றார் கிடையாது. அவள் வரி வரும்போது ஊரே பேசாமல் நிற்கும்.