பீஸ் கட்டை அண்ணன் பையில் இருக்கிறது

இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம். "நீதான் டீச்சர், நீயே எழுது" என்று மதினி சொல்லிவிட்டார். நான் கணக்கு டீச்சர். எனக்கு எழுத்து வராது, வாய்தான் வரும். அந்த வாயால் அண்ணனிடம் பேசிய ஒரு பேச்சுக்கு இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அண்ணன் மாட்டிய ஏசி ஒன்று ஓராண்டாக ஓடாமல் தொங்குகிறது. இரண்டையும் சொல்லாமல் அண்ணனின் வாழ்க்கையை எழுத எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது சேரன்மகாதேவியில். அப்பா அரிசி ஆலையில் மோட்டார் பார்த்தவர். அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்த வருடம் அப்பா தவறிவிட்டார். அம்மாவுக்கு நாங்கள் இருவர்தான். அண்ணன் பேட்டைக்குப் பஸ் ஏறி ஐ.டி.ஐ. படித்து, பழைய ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்தார். நான் பி.எட். முடித்தபோது அண்ணனிடம் மொத்தம் மூன்று சட்டைகள் இருந்தன. மூன்றிலும் இடது பக்கம் பெரிய பை. பை இல்லாத சட்டையை யாராவது எடுத்துக் கொடுத்தால், தையல்காரரிடம் போய் ஒரு பை வைத்துக்கொண்டுதான் போடுவார்.

பிறகு வளைகுடாவுக்குப் போனார். பதினோரு வருடம் பெரிய கட்டடங்களில் ஏசி வேலை. என் கல்யாணத்துக்கு வந்தவர் என் மகன் பிறந்தபோது வரவில்லை, அவன் பள்ளிக்கூடம் போகும்போதுதான் வந்தார். அங்கிருந்து எல்லோரும் தங்கமும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். எங்கள் அண்ணன் சிவப்பு நிறத்தில் ஒரு சின்னப் பூட்டைக் கொண்டுவந்தார்.

அந்தப் பூட்டின் கதை இதுதான். அங்கே ஒருவர் ஏசியில் கை வைக்கும் முன் கரண்ட்டை நிறுத்தி, அந்த மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட வேண்டுமாம். சாவி அவர் பையில் இருக்கும். வேலை முடிந்து அவரே இறங்கி வந்து திறக்கும்வரை எந்த அதிகாரி வந்தாலும் கரண்ட் வராது. "நம்ம ஊருல பூட்டு மாட்ட எங்கன இடம் இருக்கு? அதான் கட்டையப் பிடுங்கிருதேன்" என்பார் அண்ணன். மெயின் பெட்டியில் ஃபியூஸ் கம்பி கட்டியிருக்கும் வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையைத்தான் சொல்கிறேன். அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், ஒரு தடவை தட்டிப் பார்ப்பார், அப்புறம்தான் ஏணியில் கால் வைப்பார். அந்த வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு ஒரே வாக்கியம் சொல்வார்.

"கட்டை என் பையில இருக்குன்னா நான் மேல நிக்கேன்னு அர்த்தம். தெரிஞ்சுக்கிடுங்க."

கட்டை இல்லாத புது வீடுகளில் சுவிட்சை இறக்கி, அதன்மேல் டேப் ஒட்டி, வீட்டுக்காரரையே பெட்டிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவார். டவுணில் பெரிய பெரிய துணிக்கடை அண்ணாச்சிகளெல்லாம் இப்படிக் காவல் இருந்திருக்கிறார்கள்.

அண்ணன் வேலையில் ஆமை. மறைக்க ஒன்றுமில்லை, நீங்கள் எல்லோரும் திட்டியிருக்கிறீர்கள். மற்றவர்கள் ஒரு நாளில் நான்கு ஏசி மாட்டினால் இவர் ஒன்றை முடித்துவிட்டு மறுநாள் வந்து பார்ப்பார். ஏசிக்கென்று மெயினிலிருந்து தனி லைன், நடுவில் ஓர் இடத்திலும் ஒட்டுப்போடாத செம்புக் கம்பி, எர்த் இல்லாவிட்டால் வேலையே இல்லை. சுவரில் போடும் துளைகூட வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்பார். எல்லாவற்றையும்விடச் சோதனை, செம்புக் குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சுகிற நேரம்தான். உறிஞ்சி முடித்து, பம்பை நிறுத்திவிட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். அல்வாக் கடை அண்ணாச்சி ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டாராம்.

"எம்புட்டு நேரம்வே சும்மா உக்காந்திருப்பீரு?"

"சும்மா இல்ல அண்ணாச்சி. முள்ளு ஏறுதான்னு பாக்கேன். ஏறுச்சுன்னா எங்கனயோ ஒழுகுதுன்னு அர்த்தம்."

"ஏறலையே?"

"அதத்தான் பாக்கேன்."

இவ்வளவு கவனமான மனிதருக்குப் பல்லி என்றால் பயம். மூன்றாவது மாடிச் சுவரில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நிற்பவர், வெளியே இருக்கும் யூனிட்டைத் திறக்கும் முன் குச்சியால் நாலு தட்டுத் தட்டிவிட்டு, ஓரமாக ஒதுங்கி நிற்பார்.

மறதியும் உண்டு. உவரியில் ஒரு மீன்பிடி போட்டுக்காரர் வீட்டில் வேலை முடிந்ததும் மீன்குழம்புச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். சாப்பிட்ட மயக்கத்தில் கட்டையைத் திரும்ப மாட்டாமல் பஸ் ஏறிவிட்டார். பாதி வழியில் போன் வந்தது. போட்டுக்காரரின் அம்மா போட்ட சத்தம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேட்டதாம்.

"எய்யா, நீ ஏசி மாட்ட வந்தியா, எங்க வீட்டுக் கரண்ட்டக் களவாண்டுட்டுப் போவ வந்தியா? ஐஸ்பெட்டியில மீனு கெடக்குய்யா!"

அடுத்த ஊரில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போய்க் கட்டையை மாட்டிவிட்டு வந்தார். கையில் ஒரு பெரிய சீலா மீன். திட்டிய அம்மாவே கொடுத்தனுப்பியது. அதை எங்கள் வீட்டில்தான் ஆய்ந்து குழம்பு வைத்தோம். அண்ணன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை இப்போது கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். அம்மா என்னோடு டவுணில் இருக்கிறாள். எங்களுடையது ரத வீதிக்குப் பின்னால், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிய நீள வீடு. காற்று வர வாசலும் புறவாசலும்தான். போன வருடம் பங்குனியிலேயே அம்மாவின் முதுகெல்லாம் வேர்க்குரு. நான் அவசரக்காரி. கடையில் ஏசியை வாங்கிவிட்டுத்தான் அண்ணனுக்குப் போன் செய்தேன். "உங்க வீட்டு ஒயரிங் உன் மாமனார் காலத்துது. எர்த்தும் கிடையாது. ஒரு மாசம் பொறு, கையில இருக்கிற வேலைய முடிச்சுட்டு வாரேன்" என்றார். நான் பொறுக்கவில்லை. கடைக்காரர் அனுப்பிய ஆளே வந்து ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனார். அயர்ன் பாக்ஸ் போடும் பிளக்கிலிருந்து கம்பி இழுத்து, எட்டாத இடத்தில் ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருந்தார். எனக்கு அது ஒன்றும் தெரியாது. அறை குளிர்ந்தது, அம்மா தூங்கினாள், எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வந்த அண்ணன் செருப்பைக் கழற்றியதும் நேரே அந்தப் பிளக்கின்மேல் கையை வைத்துப் பார்த்தார். என் கையையும் பிடித்து அதில் வைத்தார். தோசைக்கல் சூடு. ஏசியை நிறுத்தினார், கம்பியைக் கழற்றிச் சுருட்டினார்.

"இதுக்குக் கீழயா அம்மாவப் படுக்க வச்சிருக்க?"

அவ்வளவுதான் கேட்டார். தப்பு என்னுடையது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஊரு பூரா ஏசி மாட்டுத. பெத்த தாயிக்கு மாட்ட உனக்கு நேரமில்ல. வெளிநாட்டுலயே இருந்துக்கிட வேண்டியதுதானே, நாங்க உன்னத் தேடிட்டா இருந்தோம்?" என்று சொன்னேன். பதினோரு வருடம் அண்ணன் போன் வராதா என்று காத்துக்கிடந்தவள்தான் சொன்னேன். அண்ணன் சுருட்டிய கம்பியை எடுத்துக்கொண்டார். அம்மாவிடம் "பைய வாரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அம்மாவோடு மட்டும் போனில் பேசினார்.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து, நான் சொல்லாமலே வந்து நின்றார். வண்டியில் இரும்புக் குழாய், ஒரு மூட்டை கரி, ஒரு மூட்டை உப்பு. புறவாசலில் கிணற்றடிப் பக்கம் தானே குழி தோண்டினார். குழாயை நட்டு, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "இது என்னலே, ஊறுகா போடுதியா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, கரண்ட்டு தப்புத்தண்டா பண்ணுச்சுன்னா இது வழியா மண்ணுக்குள்ள ஓடிரும். உன்னத் தொடாது" என்றார். மூன்று நாள் வேலை. ஏசிக்குத் தனிக் கம்பி, தனிப் பெட்டி, அதில் ஒரு பீஸ் கட்டை. கடை ஆள் போட்ட செம்புக் குழாயைக் கழற்றிப் புதிதாக மாட்டி, முள் ஏறுகிறதா என்று உட்கார்ந்து பார்த்தார். என்னிடம் "டெஸ்டரக் குடு", "ஏணியப் பிடி" என்பதற்கு மேல் பேசவில்லை. நானும் பிடித்தேன், கொடுத்தேன். மன்னிப்பை மட்டும் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம், ஏசி ஓடும்போது காபி கொடுத்துக் கேட்கலாம் என்று வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாம் முடிந்தது. ஆனாலும் கட்டையைப் போடவில்லை. "குழி இன்னும் ஊறணும். காலைல வந்து எர்த்த ஒருக்க பாத்துட்டுப் போடுதேன். அது வரைக்கும் தொடாத, என்னட்டி?" என்றார். ஒரு மாதம் கழித்து, என்னை 'ஏட்டி' என்று கூப்பிடும் அந்தப் பழைய குரலில் பேசினார். கட்டையைப் பையில் போட்டு, ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலையில் அதே வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் கிளம்பியவர் தன் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே இருதயம் நின்றுவிட்டது.

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டையைக் கழற்றியபோது கட்டை கீழே விழுந்து உருண்டது. அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த மதினி அதை எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ, யாரு வீட்டுக் கட்டையோ தெரியலையே! யாரு வீட்டுலயோ கரண்ட்டு இல்லாம இருக்காவளே! ஏ யாராவது கேட்டுப் பாருங்களேன், அவுகளுக்குத் தெரிஞ்சா பதறுவாகளே!" என்று வந்தவர்களிடமெல்லாம் கட்டையைக் காட்டிக்கொண்டு ஓடினார். இரண்டு பேர் நிஜமாகவே போனை எடுத்து வாடிக்கையாளர்களுக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தெரியும். மதினியின் கையைப் பிடித்து, "எங்க வீட்டுக் கட்டை மதினி" என்று சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானதோ தெரியாது.

பதினாறாம் நாள் மதினி அதை மஞ்சள் துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தார். போட மனம் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "அவன் வந்து பாத்துட்டுப் போடுதேன்னுதான சொன்னான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தக் கத்திரி வெயிலை விசிறியோடு கழித்தோம். எனக்கும் ஒரு பைத்தியக்கார நினைப்பு இருந்தது. கட்டை பையில் இருந்தால் மேலே நிற்கிறார் என்றுதானே அண்ணன் சொன்னார்? போட்டுவிட்டால் மேலே யாரும் இல்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

இந்த வருடம் அம்மாவுக்கு மறுபடியும் வேர்க்குரு. போன வாரம் மேலப்பாளையத்திலிருந்து பாய் வந்தார். வளைகுடாவில் அண்ணனோடு ஏசி வேலை பார்த்து, ஒரே அறையில் பதினோரு வருடம் இருந்தவர். மீட்டரை வைத்து எர்த்தைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து பார்த்தார். "இதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல தங்கச்சி. தாராளமாப் போடலாம்" என்றார். அவரையே போடச் சொன்னேன். கையை எடுத்துவிட்டார்.

"அது எப்படி? அவன் பூட்டுல்ல" என்றார். அங்கே பூட்டுக்காரர் ஒருவர் பூட்டைத் திறக்காமல் போய்விட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "சட்டுனு அறுக்க விடமாட்டாங்க. ஏணி, மொட்டமாடி எல்லாம் ஏறிப் பாப்பாங்க. பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. ஆளு மேல இல்லன்னு கண்ணால பாத்த பெறவுதான் பூட்டுல கை வைப்பாங்க" என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

அண்ணன் போன நாளில் ஓடிவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், சமையலைக் கையில் எடுத்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும், பஸ் பிடித்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்ன உவரி அம்மாவுக்கும், அண்ணன் பாதியில் விட்ட வேலைகளையெல்லாம் தன் வேலையாக முடித்துக் கொடுத்த பாய்க்கும், எங்களைத் தாங்கிய உங்கள் எல்லோருக்கும் அம்மாவின் சார்பிலும் மதினியின் சார்பிலும் கைகூப்புகிறேன்.

எங்கள் வீட்டில் அண்ணனின் முதல் திதி முடிந்து நீங்கள் இலையில் உட்கார்ந்திருக்கும்போது நான் மொட்டை மாடிக்குப் போவேன். ஏணி சாத்தியிருந்த இடம், வெளி யூனிட், தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் எல்லாம் பார்ப்பேன். அண்ணே, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு, கட்டையைப் போடட்டுமா என்று மூன்று தடவை சத்தமாகக் கேட்பேன். கீழே கேட்டால் பயந்துவிடாதீர்கள். பதில் வராவிட்டால் இறங்கி வந்து கட்டையைப் போடுவேன், அம்மாவுக்கு அறை குளிரும். ஏதாவது பதில் வந்துவிட்டால், இந்த வருடமும் நாங்கள் வேர்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
தங்கை