சுவருக்கு அந்தப்பக்கத்துப் படம்

சத்துவாச்சாரியில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் ஈர வாசனை இன்று மூக்கில் ஏறியதும், ஆம்பூரில் இப்போது ஷூ கம்பெனி குடோனாகிவிட்ட தியேட்டரை ஒட்டியிருந்த எங்கள் பழைய சமையலறைக்கே போய்விட்டேன். அங்கே சுவரில் காதை வைத்தபடி என் அக்கா மெஹர் ஆபா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

சினிமாவுக்குப் போக அனுமதி இல்லாத ஆபா, எல்லாப் படங்களையும் பின்னணி இசையாகவே தெரிந்துவைத்திருந்தாள். வயலின் இழுத்தால் யாரோ சாகப்போகிறார்கள், டிரம் அதிர்ந்தால் வில்லன் வருகிறான் என்பாள். பாகம் பாகமாக வந்த இங்கிலீஷ் உளவாளிப் படத்தில் ஹீரோ மாறிவிட்டதை நான் போஸ்டர் பார்த்துவந்து சொன்னபோது, "ஆள் மாறினா இன்னாடி? ட்யூன் அதேதானே, அதான் ஹீரோ" என்றாள்.

பத்தாவது முடிக்கும் முன்பே ஆபாவை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிரசவத்துக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மாப்பிள்ளை காதோடு சேர்த்து அறைகிறவர் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. "பொறுத்துக்கோம்மா" என்பதற்குமேல் யாரும் பேசவில்லை. அவள் சமையலறைச் சுவரில் ஒரு காதை வைத்தாள், பிறகு மறுகாதையும் வைத்துப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஷோ இல்லியாடி?" என்றாள்.

அந்தப்பக்கத்துச் சண்டைக்காட்சியின் டிரம்மில் எங்கள் அலமாரித் தட்டுகள் நடுங்கிக்கொண்டிருந்தன.